பூட்டன் பெயர் என்ன?

மாசி மகத்தன்றும் ஆடி அமாவாசையன்றும் விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றங்கரைக்கு வந்து, நீராடி, ஈரத்துணியோடு தர்ப்பையின் முன் அமர்கிறவர்களிடம் புரோகிதர் கேட்கும் கேள்விகள் சிலவே. கோத்திரம் தெரியுமானால் கோத்திரம். பிறகு தகப்பனார், பாட்டனார், பூட்டனார் என்று மூன்று தலைமுறைப் பெயர்கள். அதே வரிசையில் தாயார், பாட்டியார், பூட்டியார் பெயர்கள். முதற்பெயர் தடையின்றி வந்துவிடுகிறது. இரண்டாவது பெயரை, பேரப்பிள்ளைக்குப் பாட்டன் பெயரையே வைக்கும் நம் வழக்கம் காப்பாற்றிக் கொடுக்கிறது. மூன்றாவதில் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள், பக்கத்தில் நிற்கும் தமையனைப் பார்க்கிறார்கள், தமையன் ஊரிலிருக்கும் அத்தைக்குத் தொலைபேசியில் பேசிப் பார்க்கிறார், அத்தைக்கும் தெரிவதில்லை. பெயர் தெரியாத பிதுர்க்களுக்கும் எள்ளும் நீரும் இறைக்கச் சாஸ்திரம் ஒரு வழி வைத்திருப்பதால் கர்மம் குறைவின்றி நடந்தேறிவிடுகிறது. கேள்விக்குத்தான் விடை கிடைப்பதில்லை.

விருத்தகாசி என்று போற்றப்படும் இதே தலத்தில், பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் கல்லால் எடுப்பித்த பழமலைநாதர் ஆலயத்தின் சுவர்களில், தானம் செய்தோர் பெயர்கள் ஊரோடும் குலத்தோடும் வெட்டப்பட்டு, ஆயிரம் ஆண்டு கடந்தும் படிக்கும்படியாக நிற்கின்றன. அவ்வாலயத்துக்கு எதிரே ஆற்றங்கரையில் அமர்ந்திருக்கும் மனிதருக்கோ, ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் இதே தாலுகாவில் ஏர் பிடித்து வாழ்ந்த தம் பூட்டனார் பெயர் தெரியாது. தேவதானம் கொடுக்கத்தக்க செல்வம் இருந்தவனைக் கல் ஞாபகம் வைத்துக்கொண்டது. மற்றவர்களை எந்த ஏடு ஞாபகம் வைத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் விசாரம்.

இந்த விசாரம் சமீப காலத்தில் பல வீடுகளுக்குள் புகுந்திருக்கிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ கண்டுபிடித்துக் காட்டவேண்டிய கடமை ஏற்பட, அதுவரை தகப்பனார் எந்த வார்டில் குடியிருந்தார் என்று நினைத்துப் பார்த்திராதவர்களும் பழைய பட்டியல்களைப் புரட்டலானார்கள். அப்படிப் புரட்டியவர்களில் சிலருக்கு இன்னும் பின்னோக்கிப் போகும் ஆசை பிறந்தது. அயல்நாடுகளில் நூற்றாண்டு கடந்த ஜனத்தொகைக் கணக்கேடுகளைத் திறந்துவைத்து, யார் வேண்டுமானாலும் தம் கொள்ளுப்பாட்டனின் வீட்டையும் வயதையும் தொழிலையும் பார்த்துக்கொள்ள விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டவர்கள், நம் தேசத்திலும் 1871 முதல் பத்தாண்டுக்கொரு தரம் கணக்கெடுத்தார்களே, அந்த ஏடுகளில் நம் முன்னோர் இருக்க மாட்டார்களா என்று கேட்பது இயல்பே.

இருந்தார்கள் என்பதுதான் உண்மை. இருக்கிறார்கள் என்று சொல்ல வழியில்லை.

எண்ணி முடித்ததும் எரித்த ஏடுகள்

சென்னை ராஜதானியில் 1871-ஆம் ஆண்டு நடந்த கணக்கெடுப்பை நடத்தி அறிக்கை எழுதியவர் கார்னிஷ் என்ற டாக்டர். அதற்கு முன்பே 1851-52 தொடங்கி ஐந்தாண்டுக்கொரு முறை ராஜதானியில் தலைகளை எண்ணும் வழக்கம் இருந்தது. 1881-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் தேதி இரவு, இந்தியா முழுவதும் ஒரே சமயத்தில் முதன்முதலாகக் கணக்கெடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எண் இட்டு, ஒவ்வொரு மனிதரின் பெயரையும் வயதையும் ஜாதியையும் மதத்தையும் தொழிலையும் பிறந்த ஜில்லாவையும் கேட்டு எழுதிக்கொண்டவர்கள், பெரும்பாலும் கிராமக் கர்ணங்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் எழுதப்படிக்கத் தெரிந்த பிறருமாவர். ஆகவே விருத்தாசலம் தாலுகாவின் ஒவ்வொரு குடிசையிலும் அன்று தூங்கியவர்களின் பெயர் தமிழிலே ஒரு கையெழுத்தில் எழுதப்பட்டது நிச்சயம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் பிழைத்துக்கிடந்தவர்களின் ஜாபிதா அது. 1871-ஐக் காட்டிலும் ராஜதானியின் ஜனத்தொகை குறைந்துபோயிற்று என்று அறிவித்த கணக்கும் அதுவே.

அந்த ஜாபிதா எங்கே போயிற்று? சர்க்காருக்கு வேண்டியது கூட்டுத்தொகை. ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, இன்ன ஜாதியார் இத்தனை, குருடர் இத்தனை, கைம்பெண்கள் இத்தனை என்று அட்டவணைகள் தயாரானபின் மூல ஏடுகளுக்கு வேலையில்லை. 1901-இல் ஆளுக்கொரு சீட்டாகப் பெயர்த்தெழுதி, அச்சீட்டுகளைத் தரம்பிரித்து எண்ணும் முறை வந்தது. எண்ணி முடிந்ததும் சீட்டுகளும் அழிக்கப்பட்டன. சென்னை ராஜதானியில் அந்த 1901-ஆம் ஆண்டுக் கணக்கை நடத்திய டபிள்யூ. பிரான்சிஸ் என்பவரே 1906-இல் தென்னார்க்காடு ஜில்லாவின் கெஜட்டியரையும் எழுதினார் என்பதை நினைத்தால் மனம் சற்றே கனக்கிறது. இந்த ஜில்லாவின் ஒவ்வொரு பிரஜையின் பெயரும் ஒரு கணம் அவருடைய காரியாலயத்தின் அதிகாரத்தின்கீழ் இருந்தது. அவர் கெஜட்டியரில் நமக்குக் கிடைப்பவை கோயில்களும் குளங்களும் சாலைகளும் ஜாதிகளின் பொது லட்சணங்களுமே.

இவ்வழக்கத்தைக் கொடுமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. வரி போடவோ பட்டாளத்துக்குப் பிடிக்கவோ எண்ணுகிறார்கள் என்று ஜனங்கள் அஞ்சிய காலத்தில், உன் வாயிலிருந்து வந்த விவரம் எவருக்கும் காட்டப்படாது என்ற வாக்குறுதியைக் கொண்டுதான் உண்மையைப் பெற முடிந்தது. சுதந்திர இந்தியா இயற்றிய 1948-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குச் சட்டமும் அவ்வாக்குறுதியை 15-ஆம் பிரிவில் உறுதியாக்கியது. கணக்கெடுப்பு ஏட்டைப் பார்வையிடும் உரிமை எவருக்கும் கிடையாது. அதிலுள்ள எழுத்து நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் செல்லாது. ஆனால் இரகசியத்தைக் காப்பதும் ஏட்டை அழிப்பதும் வேறு வேறு காரியங்கள். இங்கிலாந்திலும் இரகசியம் உண்டு. அது நூறாண்டு இரகசியம். 1921-ஆம் ஆண்டுக் கணக்கேட்டை அவர்கள் 2022 ஜனவரியில் திறந்தார்கள். அமெரிக்காவில் அந்தத் தவணை 72 ஆண்டுகள். 1950-ஆம் ஆண்டுக் கணக்கை 2022 ஏப்ரல் முதல் தேதி திறந்தார்கள். ஐர்லாந்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1861 முதல் 1891 வரையிலான அந்நாட்டுக் கணக்கேடுகளை அரசாங்கமே அழித்துவிட்டது. அதற்கு முந்தியவற்றில் பெரும்பகுதி 1922-இல் டப்ளினில் நடந்த உள்நாட்டுப் போரின் நெருப்பில் வெந்தது. எஞ்சிய 1901, 1911-ஆம் ஆண்டு ஏடுகளை அவர்கள் காசில்லாமல் உலகத்துக்கெல்லாம் திறந்துவிட்டார்கள். நம்மைப்போல இழந்தவர்கள், இழப்பின் அருமை தெரிந்து மிச்சத்தைப் போற்றுகிறார்கள்.

1951: தப்பிப் பிழைத்த ஒரு ஜாபிதா

இந்தியாவில் ஒரே ஒரு தரம், ஜனத்தொகைக் கணக்கின் சீட்டிலிருந்து பெயர்களை எடுத்து ஊருக்கொரு ஏடாக எழுதிவைக்கும் ஏற்பாடு நடந்தது. 1951-ஆம் ஆண்டு, கணக்கெடுப்பு ஆணையராக இருந்தவர் ஆர். ஏ. கோபாலசுவாமி. குடியரசின் முதல் கணக்கான அதில், வீடு வீடாக மனிதர்களின் பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, தொழில் ஆகியவற்றைக் கொண்ட தேசியப் பிரஜைகள் பதிவேடு ஒன்றைக் கூடவே தயாரித்தார்கள். பிற இடங்களில் அது பெரும்பாலும் மறக்கப்பட்டுப் போக, அஸ்ஸாமில் மட்டும் அது கோடிக்கணக்கானவர்களின் தலையெழுத்தாயிற்று.

அங்கே பிரஜைகள் பதிவேட்டைப் புதுப்பிக்கும் வேலை நடந்தபோது, 1951-ஆம் ஆண்டுப் பதிவேட்டிலோ 1971 மார்ச் 24-ஆம் தேதி வரையிலான வாக்காளர் பட்டியல்களிலோ தம் மூதாதையர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவருக்கும் தமக்கும் உள்ள உறவைத் தஸ்தாவேஜுகளால் நிரூபிக்கும் பொறுப்பு ஒவ்வொரு குடும்பத்தின்மேலும் விழுந்தது. ஒரே பாட்டனின் பேரர்கள் தனித்தனியே எழுதிக்கொடுத்த வம்ச விருட்சங்களை அதிகாரிகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவன் சொன்ன சிற்றப்பன் மற்றொருவன் ஜாபிதாவில் இல்லையென்றால் சந்தேகம். 2019 ஆகஸ்டு 31-ஆம் தேதி வெளிவந்த முடிவுப் பட்டியலில் 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் இல்லை. பள்ளிக்கூடமோ நிலமோ இல்லாத வீட்டில் பிறந்து, சிறு வயதிலே மணமாகி, வேறோர் ஊருக்குப் போய்விட்ட பெண்களுக்குத்தான் தகப்பனோடு தமக்குள்ள உறவைக் காட்டும் காகிதம் கிடைப்பது அரிதாயிருந்தது. பஞ்சாயத்துச் செயலாளர் கொடுத்த சான்றிதழே அவர்களில் பலருக்குக் கதியாயிற்று.

வம்சாவளி தேடுவது ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுகிறவர்கள் அஸ்ஸாமை நினைத்துக்கொள்ள வேண்டும். பாட்டன் பெயர் எழுதிய காகிதம் கைவசம் இருப்பதும் இல்லாததும், ஒரு மனிதன் தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவதையும் தூங்காததையும் அங்கே தீர்மானித்தன.

பூஸ்திதி ஜீவனம்

விருத்தாசலத்தில் தேடத் தொடங்குகிறவர் ஜனத்தொகைக் கணக்கை நம்பாமல், சார்பதிவாளர் அலுவலகத்தின் படியேறுவதே சரியான ஆரம்பம். பத்திரப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1865 முதல் எழுதப்பட்ட கிரயமும் அடமானமும் பாகப்பிரிவினையும் உயிலும், நகலாகப் பெரும் புத்தகங்களில் பெயர்த்தெழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பழைய பத்திரத்தின் முதல் வாக்கியத்தைப்போல வம்ச சரித்திரக்காரனுக்கு உதவும் வாக்கியம் தமிழில் வேறில்லை. இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், இன்ன ஜாதி, சிவமதம், பூஸ்திதி ஜீவனம் என்று அது தொடங்கும். எழுதிக்கொடுப்பவருக்கு ஒரு வரி, எழுதி வாங்குபவருக்கு ஒரு வரி, சாட்சிகளுக்கு ஒவ்வொரு வரி. பாகப்பிரிவினையாக இருந்தால் இன்னும் விசேஷம்: அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும், மைனர் பிள்ளைகளும், அவர்களுக்குக் கார்டியனாக நின்ற தாயாரும் ஒரே பத்திரத்தில் அகப்பட்டுவிடுவார்கள். வில்லங்கச் சான்று என்றால் வீடு வாங்குகிறவர் கேட்பது என்றே நாம் அறிந்திருக்கிறோம்; முன்னோரின் பத்திரங்களைத் தேடிப் பிடிக்கவும் அதுவே வழி. கணினியில் ஏறியிருப்பவை பெரும்பாலும் 1975-க்குப் பிந்தியவை. அதற்கு முந்திய காலத்துக்கு மனுக் கொடுத்துப் புத்தகங்களில் தேடச் சொல்லவேண்டும். தேடுகூலி அதிகமில்லை, பொறுமைதான் அதிகம் வேண்டும்.

அடுத்தது கிராமக் கணக்கு. நிலத்தை அளந்து சர்வே எண் கொடுத்து, பட்டாதாரர் பெயரைப் பதிந்த செட்டில்மெண்ட் ஏடுகளும், அவற்றுக்குப் பிந்திய ரீசெட்டில்மெண்ட் ஏடுகளும், ஆண்டுதோறும் எழுதப்பட்ட அடங்கலும் சிட்டாவும் சேர்ந்து ஒரு நிலத்தின் ஜாதகத்தைச் சொல்லிவிடும். பட்டா எண் பாட்டனிலிருந்து தகப்பனுக்கு மாறிய வருஷம், பாட்டனார் மறைந்த வருஷத்துக்கு மிகவும் சமீபமானது என்று கொள்ளலாம். இவற்றையெல்லாம் பரம்பரையாக எழுதிவந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளைத் தமிழ்நாட்டு அரசு 1980 நவம்பரில் ஒழித்தது; பரம்பரை உத்தியோகம் ஒழிந்தது நன்மையே. கர்ணத்தின் வீட்டிலிருந்து தாலுகா அலுவலகத்துக்குப் போன கட்டுகளில், கரையானுக்கும் மழை ஒழுக்குக்கும் தப்பியவை எத்தனையோ அத்தனைதான் நமக்கு மிச்சம். அவற்றைப் பூச்சி அரிக்காமல் வைத்து, படமெடுத்துப் பொதுவில் வைப்பதற்குச் சர்க்கார் செய்யும் செலவு எதுவும் வீண்செலவாகாது.

ஊரே மறைந்துபோனவர்களின் தேடல் வேறு வகை; அதைச் சொல்ல விருத்தாசலத்தின் தொழிலிலிருந்து தொடங்கவேண்டும். இந்த ஊர் பீங்கான் நகரம். மின்பெட்டிக்கு வேண்டிய ஃபியூஸ் கேரியரும், கம்பத்துக்கு வேண்டிய இன்சுலேட்டரும், கார்த்திகைக்கு அகலும், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மையும் இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையின் சூளைகளிலிருந்து வெளியேறுகின்றன. அத்தொழிலைக் கற்பிக்க அரசுப் பயிலகமும் உண்டு. இத்தொழிலுக்குக் கைகொடுத்தது பக்கத்து நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளிலிருந்து கிடைத்த வெள்ளைக் களிமண். நிலக்கரியை எடுப்பதற்காக, 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்த காலந்தொட்டு, அங்கே பல கிராமங்கள் குடிபெயர்க்கப்பட்டன. வீடும் களமும் ஏரியும் அய்யனார் கோயிலும் பெருங்குழிக்குள் போய்விட்ட அவ்வூர்களின் சந்ததியார், ஊருக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் என்ன செய்வார்கள்? அவர்களுக்கென்று ஓர் ஏடு உண்டு. நிலத்தை ஆர்ஜிதம் செய்கையில், யார் யாருக்கு எந்த சர்வே எண்ணில் என்ன பாத்தியம், எவ்வளவு நஷ்டஈடு என்று பெயர் பெயராக எழுதித் தீர்ப்பு வழங்குவது சட்டம். அத்தீர்ப்பின் கட்டே அந்த ஊரின் கடைசிக் குடிமதிப்பு. 1951-ஆம் ஆண்டு முதல் வந்த தென்னார்க்காடு ஜில்லா ஜனத்தொகைக் கையேடுகளில் அக்காலத்து ஊர்களின் பெயரும், வீடுகளின் எண்ணிக்கையும், ஆண் பெண் தொகையும் அச்சாகியிருக்கின்றன. மூதாதையரின் பெயரை அக்கையேடுகள் சொல்ல மாட்டா. அவர் வாழ்ந்த ஊர் எத்தனை பெரிது, அதில் எழுத்தறிந்தவர் எத்தனை பேர் என்று சொல்லும்.

பெயருக்குள் இருக்கும் ஊர்

ஏடுகள் கைவிட்ட இடத்தில் பெயர்கள் சில சமயம் வழிகாட்டும். விருத்தாசலத்துக்கு மேற்கே மணவாளநல்லூரில் கோயில்கொண்ட கொளஞ்சியப்பரிடம், நீதிமன்றத்தில் கொடுப்பதுபோலவே தம் குறையைக் காகிதத்தில் எழுதிப் பிராது கட்டுகிறவர்கள் நாற்றிசையிலிருந்தும் வருகிறார்கள். அந்தத் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கமோ இந்த வட்டாரத்துக்கே உரியது. கொளஞ்சி, கொளஞ்சியப்பன், கொளஞ்சிநாதன் என்ற பெயர்களை மலேயாத் தோட்டத்து ஏடு ஒன்றில் கண்டால், அக்குடும்பத்தின் வேர் இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் இருந்ததென்று முக்காலும் தைரியமாகச் சொல்லிவிடலாம். பழமலை, விருத்தகிரி, விருத்தாம்பாள் என்பவையும் அவ்வாறே. தமிழ்ச் சிறுகதையின் மேதையான புதுமைப்பித்தனின் இயற்பெயர் விருத்தாசலம்; திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பெயர் வாய்த்தது ஏன் என்று வியப்பவர், தகப்பனார் சர்க்கார் உத்தியோகத்தில் தென்னார்க்காட்டில் இருந்த காலத்தில், 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் அவர் பிறந்தார் என்று அறியும்போது சமாதானம் அடைவார்.

பெயர் ஏமாற்றுவதும் உண்டு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், ஒரே குடும்பத்தில் முத்துசாமியும் கோவிந்தனும் மாறி மாறி வந்துகொண்டே இருப்பார்கள். 1890-இல் நிலம் வாங்கிய முத்துசாமி யார், 1935-இல் விற்ற முத்துசாமி யார் என்று, தகப்பன் பெயரையும் சர்வே எண்ணையும் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது. பள்ளிக்கூடச் சேர்க்கை ஏட்டின் பிறந்த தேதியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பிள்ளை கையைத் தலைமேல் வளைத்துக் காதைத் தொட்டால் வயது ஐந்து என்று வைத்துக்கொண்டு, பள்ளி திறக்கும் மாதத்துக்குப் பொருந்த ஒரு தேதியை வாத்தியாரே எழுதிய காலம் அது.

கப்பலேறியவர்களின் கணக்கு

நிலமுள்ளவனைப் பத்திரம் காப்பாற்றியது. தானம் செய்தவனைக் கல் காப்பாற்றியது. செட்டிநாட்டு நகரத்தார் மணமான தம்பதியை ஒரு புள்ளியாகக் கொண்டு ஒன்பது நகரக் கோயில்களில் பதிந்துவரும் முறையால், அச்சமூகத்தாரை அவர்களுடைய கோயில்களே காப்பாற்றின. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. வீரமாமுனிவர் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் கண்ட கோணான்குப்பம் இத்தாலுகாவிலேயே இருக்கிறது. செங்கற்பட்டு ஜாகீரில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய சர்வேயின்போது, ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களின் வீடுகளும் தொழில்களும் மானியங்களும் ஓலையில் எழுதப்பட்டன. அவ்வோலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஆனால் காணி நிலமும் இல்லாமல், பிறர் நிலத்தில் பண்ணையாளாக உழைத்து, சேரியில் பிறந்து சேரியில் மறைந்தவனுக்கு இவற்றில் எதிலும் இடமில்லை. அவன் பெயர் நிச்சயமாக எழுதப்பட்ட ஏடு ஜனத்தொகைக் கணக்கேடு ஒன்றே. அதைத்தான் நாம் எரித்தோம்.

அவனும் ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் நுட்பமாக எழுதப்பட்டான். அவன் கடல் கடந்தபோது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அன்றிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண்; அதை அடுத்துப் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள மச்சமும் தழும்பும். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அடையாளங்கள், இன்று நாலாம் தலைமுறைப் பேத்திக்குத் தன் பூட்டனின் இடது முழங்காலில் ஒரு தழும்பு இருந்தது என்று தெரிவிக்கின்றன. மொரீஷியஸில் மோக்கா நகரத்து மகாத்மா காந்தி நிலையத்தில் இத்தகைய ஏடுகள் போற்றிக் காக்கப்படுகின்றன; ஒரு காலத்துக்குப்பின் வந்தவர்களுக்குப் புகைப்படமும் உண்டு. 1903 முதல் சென்னையிலிருந்து நேராகப் பீஜித் தீவுக்குப் போனவர்களுக்கும் ஆளுக்கொரு குடிபெயர்வுச் சீட்டு உண்டு. மனிதனைச் சரக்காக எண்ணிய ஏற்பாடு, சரக்கின் விவரத்தைக் கவனமாக எழுதிற்று. அவனைப் பிரஜையாக எண்ணிய ஏற்பாடு அவன் பெயரைத் தொலைத்தது. இந்த நியாயம் நெஞ்சை அறுக்கிறது.

டர்பன் நகரத்தில் இன்று படையாச்சி என்ற குடும்பப் பெயர் பரவலாக வழங்குகிறது. தென்னார்க்காட்டுக் கிராமங்களில் வழங்கும் படையாட்சி என்ற பட்டமே ஆங்கிலக் குமாஸ்தாவின் பேனாவில் அப்படிப் போயிற்று. முதலியார் மூட்லியானதும் கவுண்டர் கோவிந்தரானதும் அதே பேனாவினால்தான். அங்கிருந்து பூர்வீகம் தேடி வருகிறவர்களின் கையில் ஜில்லாவும் தாலுகாவும் கிராமமும் எழுதிய ஒரு வரி இருக்கிறது. ஆனால் அக்கிராமத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்தால் தமிழனுக்கே அடையாளம் தெரியாது. அதை உரக்கப் படித்து, வாயில் நாலைந்து விதமாகப் புரட்டி, பழைய கிராமப் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். தாலுகாக்களும் ஜில்லாக்களும் பிறகு பிரிந்துவிட்டன என்பதும் நினைவில் இருக்கவேண்டும். 1993-இல் தென்னார்க்காடு என்ற பெயரே மறைந்து, கடலூர் ஒரு மாவட்டமாகவும் விழுப்புரம் ஒரு மாவட்டமாகவும் ஆயின. ஊர் கிடைத்தாலும் வீடு கிடைக்குமென்ற நிச்சயமில்லை. குலதெய்வம் இன்னது என்று அந்தக் குடும்பம் மறவாதிருந்தால், அத்தெய்வத்துக்குப் பொங்கல் வைக்க இன்றும் கூடுகிற பங்காளிகளிடம் போய்ச் சேரலாம். இத்தேடலில் குலதெய்வத்தின் பெயர் பல ஏடுகளுக்குச் சமம்.

வரப்போகும் கணக்கு

2021-இல் நடந்திருக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் முதல் தேதியை ஆதாரத் தேதியாகக் கொண்டு நடப்பதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. 1931-க்குப் பிறகு எல்லா ஜாதிகளையும் எண்ணும் முதல் கணக்கு அது; காகிதத்தை விட்டுக் கருவியில் பதியும் முதல் கணக்கும் அதுவே. காகிதம் இடத்தை அடைக்கிறது, எலி கடிக்கிறது, காவல் வேண்டும் என்ற பழைய காரணங்கள் இனிச் செல்லுபடியாகா. எனவே, உயிரோடிருப்பவர்களின் விவரத்தை எவருக்கும், எந்த அதிகாரிக்கும் காட்டாத கட்டுப்பாட்டைத் துளியும் தளர்த்தாமல், பதிவுகளை அழிக்காது முத்திரையிட்டு வைத்து, நூறாண்டு நிறைந்ததும் ஆவணக் காப்பகத்தின் வாயிலாகச் சந்ததியாருக்குத் திறந்துவிட வகைசெய்து 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஜாதி விவரம் அடங்கிய ஏடு ஆபத்தானது என்று அஞ்சுவோர் உண்டு; அஸ்ஸாமைச் சுட்டிக்காட்டி, பெயரேடு என்றாலே பயமாயிருக்கிறது என்பாரும் உண்டு. அவ்வச்சங்கள் அற்பமானவை அல்ல. நூறாண்டு என்ற தவணையை மற்ற தேசங்கள் வைத்துக்கொண்டதற்குக் காரணமே அத்தகைய அச்சங்கள்தாம்.

பெண்கள் விஷயத்தில் இந்தத் திருத்தம் இன்னும் அவசியமாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணக்கெடுப்புகளில், வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்ல வீட்டார் இசையாவிட்டால் ‘பெண்’ என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்பது விதி. குடியரசின் முதல் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோதும், இன்னார் மனைவி, இன்னார் தாய் என்பதற்கு மேல் சொல்ல மறுத்ததால், வட இந்தியாவில் பெரும்பாலும், ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பெயரைச் சொன்னால்தான் வாக்கு என்பதில் உறுதியாக நின்றார். பட்டாவில் பெண் இல்லை. பாகப்பிரிவினையில் மைனரின் தாயாக மாத்திரம் தோன்றுகிறாள். மணமாகிப் போன ஊரில் அவள் பிறந்த ஊரின் பெயரே அவளுக்குப் பெயராகிவிடுகிறது. ஆற்றங்கரையில் பூட்டனார் பெயரை நினைவுகூரக் கூடியவர்களிலும் பூட்டியார் பெயரைச் சொல்லக் கூடியவர்கள் சிலரே.

அவளைத் தேடுவதற்கு ஒரு வழி மட்டும் சொல்ல முடியும். சென்னை ராஜதானியின் 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஜனன மரணங்கள் பதியப்பட்டன. எல்லா ஊருக்கும் ஒரே காலத்தில் அது கட்டாயமாகவில்லை. கிராமங்களில் எழுதியவர் மணியக்காரர். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு நடந்துவிடுவதால் பெயர்க் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அதைக் கண்டு இது நம் பாட்டனார் பதிவல்ல என்று ஏட்டை மூடிவிடுகிறவர்கள் உண்டு. தகப்பன் பெயரும் ஊரும் வருஷமும் பொருந்தினால், அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும். பெற்றவளின் பெயர் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். ஆகையால் பாட்டனாரின் ஜனனப் பதிவுக்கு மனுச் செய்கிறவர்கள், பிள்ளையின் பெயரைக் கொண்டு தேடச் சொல்லாமல், தகப்பன் பெயரையும் கிராமத்தையும் உத்தேச வருஷத்தையும் குறித்து, முன்னும் பின்னும் மூன்று வருஷங்களுக்குச் சேர்த்துத் தேடும்படி எழுதுவதும், கிடைத்த வரியின் எல்லாக் கட்டங்களுக்கும் நகல் கேட்பதும் நல்லது.